ஆவ்ரோ போயிடுச்சா?

அம்மா அடுப்படியிலிருந்து கேட்பாள்: "ஆவ்ரோ போயிடுச்சா?"

பாயில் புரண்டபடியே நானோ அக்காவோ பதில் சொல்வோம். "இன்னும் இல்லம்மா." அப்படியென்றால் இன்னும் கொஞ்சம் படுத்திருக்கலாம். பிறகு வடக்கிலிருந்து அது வரும். முதலில் ஒரு மெல்லிய ஊளை, தெருக்கோடியில் யாரோ கத்தி சாணை பிடிப்பதுபோல. அது ஏறும், ஏறும், இதற்கு மேல் ஏற முடியாது என்று காது நினைக்கும் இடத்தையும் தாண்டி ஏறும். ஜன்னல் கண்ணாடி சட்டத்துக்குள் லேசாக நடுங்கும். ஒரு நிமிடம் அப்படியே நிற்கும். அப்புறம் மொத்தமாக இழுத்துக்கொண்டு மேற்கே போய் பாலாநகர் பக்கம் கரைந்துவிடும்.

"போயிடுச்சும்மா."

அம்மா குக்கரை இறக்குவாள்.

நியூஜெர்சியில், எடிசன் என்ற ஊரில், இரட்டைக் கண்ணாடி போட்ட ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வெளியே மழை பெய்தாலும் கேட்காது, லாரி போனாலும் கேட்காது. இருபத்தேழு வருடங்களாக என்னை எழுப்புவது ஏதோ ஒரு கருவி. நொடி தவறாமல் எழுப்புகிறது. ஆனால் ஹைதராபாத் அமீர்பேட்டில் அந்தச் சத்தம் நேரத்தை மட்டும் சொன்னதில்லை. அப்பா பேகம்பேட் விமான நிலையத்தில் இந்தியன் ஏர்லைன்ஸ் மெக்கானிக். காலை ஷிப்ட் என்றால் விடிவதற்கு முன்பே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஆவ்ரோ கிளம்பிய சத்தம் கேட்டால் அப்பா கையெழுத்துப் போட்டு அதை அனுப்பிவிட்டார் என்று அர்த்தம். இப்போது கேன்டீனில் உட்கார்ந்து டீ குடிக்கிறார் என்று அர்த்தம். தாமதமானால் அம்மா பேச்சைக் குறைத்துக்கொள்வாள். குக்கர் அடுப்பிலேயே இருக்கும்.

அமீர்பேட் என்றால் இன்றைக்கு எல்லோருக்கும் ஒன்றுதான் நினைவுக்கு வரும். மைத்ரிவனம் கட்டிடத்தைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கும் பயிற்சி நிலையப் பலகைகள், ஜாவா, டாட்நெட், எஸ்ஏபி, ஜெராக்ஸ் எடுத்த பாடக்குறிப்புகளை அணைத்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகள், ஓர் அறைக்கு ஆறு கட்டில் போட்ட ஹாஸ்டல்கள். தமிழ்நாட்டிலிருந்தும் எத்தனையோ பேர் வந்து மூன்று மாதம் தங்கிப் படித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நானும் அங்கேதான் படித்தேன், என் வீட்டிலிருந்து நடந்து போய். ஆனால் அந்தப் பலகைகள் வருவதற்கு முன்னால் எங்களுக்கு அமீர்பேட் என்பது விமான நிலையத்தின் கொல்லைப்புறம். பல்கம்பேட் எல்லம்மா கோயில் பக்கம் போகும் தெருவில் மாடி போர்ஷன். மொட்டை மாடியில் ஏறினால் வடக்கே இரண்டு கிலோமீட்டருக்குள் ஓடுதளம். விமானம் தலைக்கு மேலே போகாது. வேப்பமரங்களுக்கு மேலே ஒரு ஆரஞ்சு நிற வால் மட்டும் முதலில் நகரும், பிறகு மூக்கு எழும், பிறகு முழு உடம்பும் வானத்துக்கு வரும். கீழ்வீட்டுத் தெலுங்குப் பாட்டி அண்ணாந்து பார்த்து, "மீ நான்னாகாரி விமானம்" என்பார். உங்க அப்பா விமானம். போகிற எல்லாமே எங்கள் அப்பாவுடையவை என்றுதான் அவருக்கு எண்ணம். எனக்கும் வெகுநாள் அப்படித்தான்.

அப்பாவுக்கு விமானங்களைப் பற்றிப் பேச ஒரு வரிசை உண்டு. டகோட்டாவில்தான் தொடங்குவார். பேகம்பேட்டுக்கும் டகோட்டாவுக்கும் உள்ள உறவு அவர் வேலைக்குச் சேருவதற்கு முந்தையது. 1945-ல் நிஜாம் அரசின் ரயில்வேயும் டாடாவும் சேர்ந்து தொடங்கிய டெக்கான் ஏர்வேஸுக்கு இந்த ஊர்தான் தாய்வீடு. அதன் டகோட்டாக்கள் இங்கிருந்துதான் பறந்தன. 1953 ஆகஸ்ட் 1 அன்று அது உட்பட எட்டுக் கம்பெனிகளை ஒன்றாக்கி அரசு இந்தியன் ஏர்லைன்ஸைத் தொடங்கியபோது கையில் கிடைத்தவை மொத்தம் 99 விமானங்கள். அவற்றில் 74 டகோட்டாக்கள். உலகப்போர் முடிந்து மிஞ்சிப்போன சரக்கு. "யுத்தத்துக்குப் பொறந்தது, கல்யாணத்துக்கு ஆள் ஏத்திச்சு" என்பார் அப்பா. இந்த வாக்கியத்தைச் சொல்லும்போதெல்லாம் அவர் குரலில் ஒரு பெருமை இருக்கும், தானே அதைப் போர்முனையிலிருந்து அழைத்துவந்தவர்போல.

ஆனால் அவர் காதலித்தது டகோட்டாவை அல்ல. டார்ட்டை.

டார்ட் என்பது ரோல்ஸ்ராய்ஸ் செய்த ஒரு எஞ்சின். இதை நான் விளக்காமல் போனால் என் காலைப்பொழுதுகள் உங்களுக்குப் புரியாது. 1957-ல் வைகவுண்ட் வந்தது, அதற்கு நான்கு டார்ட். 1961-ல் ஃபாக்கர் ஃபிரெண்ட்ஷிப் வந்தது, அதற்கு இரண்டு. பிறகு கான்பூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் கட்டித்தந்த ஆவ்ரோ, அதற்கும் இரண்டு. பெயர் மாறியது, இறக்கை மேலே போனது, கீழே வந்தது. உள்ளே கத்தியது ஒரே தொண்டை. ஐம்பதுகளில் பேகம்பேட் பக்கம் தூளியில் கிடந்த ஒரு குழந்தையும், எண்பதுகளில் கணக்குப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த நானும் ஒரே குரலைத்தான் கேட்டு வளர்ந்தோம். அப்பா 1961-ல் மீனம்பாக்கத்தில் வேலைக்குச் சேர்ந்தார், ஃபாக்கர் வந்த அதே வருடம். பிறகு ஹைதராபாத்துக்கு மாற்றலாகி வந்தார். ஊர் மாறியது, பாஷை மாறியது, அரிசிகூட மாறியது. காலையில் கேட்ட சத்தம் மாறவில்லை; அதனால்தான் இந்த ஊரில் ஒட்டிக்கொள்ள முடிந்தது என்று ஒருமுறை சொன்னார்.

அந்த எஞ்சின் பக்கத்தில் நின்று பேசுகிறவர்கள் இரண்டு வகையில் பேசுவார்கள். ஒன்று, கத்துவார்கள். இரண்டு, கையால் சொல்வார்கள். அப்பா வீட்டிலும் இரண்டையும் செய்வார். சட்னியில் உப்பு போதும் என்பதைக்கூட ஹேங்கர் குரலில்தான் சொல்வார். எதிர்வீட்டுக்குத் தெரியும் எங்கள் வீட்டில் இன்று என்ன சமையல் என்று. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று இரண்டு கையையும் முன்னால் நீட்டி, கட்டைவிரல்களை வெளிப்பக்கமாகக் காட்டி, கைகளை விலக்குவார். சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டைகளை எடுத்தாயிற்று, நீ போகலாம் என்று அர்த்தம். நாங்களும் விமானி மாதிரி ஒரு சலாம் வைத்துவிட்டு ஓடுவோம். அந்தக் குரல். ஒரு வீட்டுக்கு வேண்டியதைவிட இரண்டு மடங்கு பெரிய அந்தக் குரல். இப்போது என் வீட்டில் எல்லோரும் மெதுவாகப் பேசுகிறோம். ஒருவர் அறையிலிருந்து இன்னொருவர் அறைக்கு வாட்ஸாப்பில் செய்தி அனுப்புகிறோம்.

வாசனை ஒன்று இருக்கிறது. ஷிப்ட் முடிந்து வரும் அப்பாவின் காக்கிச் சட்டையில் மண்ணெண்ணெய் வாடை அடிக்கும்; விமான எரிபொருளும் கிட்டத்தட்ட மண்ணெண்ணெய்தானே. ரேஷன் கடை மண்ணெண்ணெய் டின்னைத் திறக்கும்போதெல்லாம் அக்கா "அப்பா வந்தாச்சு" என்பாள். சொன்னால் நம்பமாட்டீர்கள், நியூவர்க் விமான நிலையத்தில் ஏரோபிரிட்ஜுக்கும் விமானக் கதவுக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி இருக்கும். பனிக்காலத்தில் அதன் வழியாகக் குளிரோடு அந்த வாடை ஒரு நொடி வரும். பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுவார்கள். நான் பெட்டியைச் சரிசெய்வதுபோல அங்கேயே நிற்பேன்.

ஃபாக்கரில் ஒருமுறை ஏறியிருக்கிறேன். ஊழியர் குடும்பத்துக்கான பாஸ். இடம் மிச்சமிருந்தால் ஏற்றுவார்கள். எனக்கு ஆறு வயது. எங்கே போனோம் என்பது மறந்துவிட்டது. தட்டில் மிட்டாயும் காதில் வைக்கப் பஞ்சும் கொண்டுவந்தது நினைவிருக்கிறது. அதைவிட நினைவிருப்பது ஜன்னல். ஃபாக்கருக்கு இறக்கை மேலே, அதனால் கீழே பூமி முழுக்கத் தெரியும். முட்டை வடிவில் பெரிய கண்ணாடி. இறங்கும் நேரம் அப்பா என் தலையைப் பிடித்து எஞ்சின் பக்கம் திருப்பினார். எஞ்சினின் வயிற்றில் இரண்டு கதவுகள் திறந்தன. உள்ளேயிருந்து ஒரு நீளமான கால், முனையில் இரண்டு சக்கரங்களோடு, கொக்கு நீருக்குள் கால் வைப்பதுபோல நிதானமாக இறங்கி நின்றது. சக்கரம் சுற்றவில்லை. தரை ஓடிவந்தது. தொட்ட இடத்தில் நீலமாக ஒரு கொத்துப் புகை, அதற்குள் சக்கரம் மங்கலாகிச் சுழல ஆரம்பித்துவிட்டது. "பாத்தியா," என்றார் அப்பா. அவ்வளவுதான் சொன்னார். இப்போது வருடத்துக்குப் பத்து முறை பறக்கிறேன். முன்னிருக்கையின் முதுகில் திரை இருக்கிறது, நூறு படம் இருக்கிறது. சக்கரம் இறங்குவதை எந்த ஜன்னலிலும் பார்த்ததில்லை.

கேரவல் 1964-ல் வந்தது, உள்நாட்டில் முதல் ஜெட். அப்பா அதை அழகி என்பார், அதோடு நிறுத்திக்கொள்வார். எழுபதுகளின் தொடக்கத்தில் போயிங் 737 வந்தது. நான் வளர்ந்தபோது வானத்தில் பாதி அதுதான். இரண்டு குழாய்போல எஞ்சின், கறுப்புப் புகைக்கோடு, துணி கிழிவதுபோல ஒரு வெடிச்சத்தம். அது போகும்போது தெருவில் பேச்சு நிற்கும். சொல்லவந்த சொல்லை வாயிலேயே வைத்துக்கொண்டு, கையில் எடுத்த தக்காளியைக் கையிலேயே வைத்துக்கொண்டு காய்கறிக்காரரும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சத்தம் கடந்ததும் விட்ட இடத்திலிருந்து பேரம் தொடரும். அந்த நிறுத்தத்தை எப்படிச் சொல்வது. ஊரே ஒரு மூச்சை ஒன்றாக இழுத்துப் பிடித்ததுபோல இருக்கும்.

1976-ல் ஏர்பஸ் ஏ300. இரண்டு நடைபாதை உள்ள பெரிய விமானம். அது கத்தவில்லை, உறுமியது. சத்தத்தை நெஞ்சுக்கூட்டில்தான் முதலில் உணர்வோம். 1993 நவம்பர் 15 அன்று அதில் ஒன்று மெட்ராஸிலிருந்து ஹைதராபாத் வந்தது. பேகம்பேட்டில் பார்வை தெளிவில்லை. இறங்க முடியாமல் மறுபடி ஏறியபோது ஃபிளாப்புகள் மடங்காமல் சிக்கிக்கொண்டன. மெட்ராஸுக்கே திரும்பும் வழியில் எரிபொருள் தீர்ந்து, திருப்பதிக்கு அருகே நெல்வயலில் இறங்கியது. உள்ளே இருந்த 262 பேரும் பிழைத்தார்கள். பேப்பரில் படம் வந்தது. சேற்றில் வயிறு பதிந்து, ஆரஞ்சு வாலோடு, அத்தனை பெரிய உருவம். எல்லோரும் பெருமாள் காப்பாற்றினார் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாகச் சின்னக் குரலில், "அது இனி எந்திரிக்காதுடா" என்றார்.

ஏ320 வந்தது 1989-ல். அப்பாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இந்தியன் ஏர்லைன்ஸின் மத்தியப் பயிற்சி நிலையம் எங்கள் ஊரிலேயே, விமான நிலையத்தை ஒட்டி இருந்தது. அங்கே போய்ப் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து படித்தார். இரவில் நான் ஒரு பக்கம் புத்தகம், அவர் ஒரு பக்கம் புத்தகம். நம் ஓடுதளங்களின் பலத்தை உத்தேசித்து இந்த விமானங்களுக்கு மட்டும் பக்கத்துக்கு இரண்டு சக்கரத்துக்குப் பதில் நான்கு சக்கரம் கேட்டு வாங்கினார்கள். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகம் மலரும். "நம்ம ஊருக்குன்னு செஞ்சது." மற்றபடி அதனோடு அவருக்கு ஒட்டவில்லை. "நல்ல மிஷின்தான். பேசவும் பேசுது. ஆனா நம்மகிட்ட இல்ல, கம்ப்யூட்டர்கிட்ட." ஆவ்ரோக்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றது அந்த வருடங்களில்தான். கடைசி ஆவ்ரோ என்றைக்குப் போனது என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் அம்மா கேட்பதை நிறுத்தியிருந்தாள்.

உங்களுக்கும் ஒன்று இருக்கும். கோவையில் பிறந்தவர்களுக்கு மில் சங்கு. பெரம்பூர்க்காரர்களுக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப் சங்கு. நின்றுபோன நாள் யாருக்கும் தெரிவதில்லை. வெகுகாலம் கழித்து, வேறு ஏதோ ஊரில், விடிகாலை விழிப்பில், ஏதோ ஒன்று குறைகிறதே என்று கிடந்து யோசிக்கும்போதுதான் அது தெரியும். அந்த நேரத்தில் எழுப்பிச் சொல்ல ஆளும் இருக்காது.

1998-ல் நான் கிளம்பினேன். இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்தால் கணினிகள் குழம்பிவிடும் என்று உலகம் பயந்த நேரம். அமீர்பேட்டில் படித்தவர்களை அமெரிக்கா அள்ளிக்கொண்டிருந்தது. பம்பாய் வரைக்கும் இந்தியன் ஏர்லைன்ஸ் ஏ320. பேகம்பேட்டில் அப்போது தரையில் நடந்துபோய்ப் படிக்கட்டு ஏற வேண்டும். ஓய்வுபெற்று இரண்டு வருடம் ஆகியிருந்த அப்பா, பார்வையாளர் மாடத்தில் அம்மாவோடு நின்றார். நான் திரும்பிப் பார்த்தேன். இரண்டு கையையும் நீட்டி, கட்டைவிரலை வெளியே காட்டி, விலக்கினார். நான் சலாம் வைத்தேனா என்பது நினைவில்லை. வைத்திருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பிறகு எல்லாம் தொலைபேசியில் வந்த செய்திகள். 2005-ல் பெயரைச் சுருக்கி 'இந்தியன்' என்று மட்டும் எழுதி, வாலில் கொனாரக் சக்கரம் வரைந்தார்கள். 2008 மார்ச் 23 அன்று ஷம்ஷாபாத்தில் புது விமான நிலையம் திறந்தது. பேகம்பேட்டில் பயணிகள் விமானங்கள் நின்றன. அன்று இரவு அப்பா மொட்டை மாடியில் படுத்தார் என்று அக்கா சொன்னாள். அடுத்த வருடம் அவர் போய்விட்டார். 2011 பிப்ரவரியில், விமான எண்களுக்கு முன்னால் வரும் 'ஐசி' என்ற எழுத்துகளும் போயின. ஏர் இந்தியாவில் எல்லாம் கலந்தது. அதுவும் 2022 ஜனவரியில் டாடாவிடமே திரும்பிப் போனது. 2023-ல் 470 புது விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். 2024 ஜனவரியில் பேகம்பேட் விமானக் கண்காட்சியில் அவர்களுடைய முதல் ஏ350 வந்து நின்றபோது அக்கா மகன் வீடியோ அனுப்பினான். புத்தம்புதுசு, பளபளப்பு, அகலமான இறக்கை. அது கிளம்பும் காட்சியில் ஒலியை முழுக்கக் கூட்டி வைத்தேன். பின்னால் நின்று பேசியவர்கள் குரல் தெளிவாகக் கேட்டது.

அம்மா இன்னும் அதே தெருவில் இருக்கிறாள். 2017 முதல் தலைக்கு மேலே மெட்ரோ ஓடுகிறது. அமீர்பேட்தான் கோடு மாறும் பெரிய நிலையம். "சத்தமா இருக்காம்மா?" என்று கேட்டேன். "சத்தம் இருக்குடா, அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு வருது. எப்பவும் வந்துட்டே இருந்தா அதை வச்சு என்ன பண்றது?" என்றாள்.

என் கைபேசியில் ஒரு செயலி. வானத்தில் போகும் விமானத்துக்கு நேரே பிடித்தால் ஏ320 நியோ என்றும் எங்கிருந்து எங்கே என்றும் எத்தனை அடி உயரம் என்றும் சொல்லிவிடும். அமீர்பேட்டில் எனக்கு அதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். டார்ட் எஞ்சினின் ஒலிப்பதிவுகளும் இணையத்தில் இருக்கின்றன. ஹெட்போனில் கேட்டேன். அச்சு அசல் அதேதான். அறையின் ஜன்னல் நடுங்கவில்லை. பாதியில் நிறுத்திவிட்டேன்.

2022 நவம்பரில் இன்னொரு வீடியோ. கேரளத்தில் ஏலத்தில் போன பழைய ஏ320 ஒன்று, உணவகமாக்குவதற்காக, இறக்கையைக் கழற்றி, லாரியில் ஏறி ஹைதராபாத்துக்கு வந்துகொண்டிருந்தது. ஆந்திராவில், பாபட்லா மாவட்டம் கொரிசபாடு பக்கம், ஒரு சுரங்கப்பாதைக்குள் சிக்கிக்கொண்டது. ஊர்க்காரர்கள் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேலே ஒரு கை உயரத்தில் சிமென்ட் கூரை. நான் அதன் சக்கரங்களைத் தேடினேன். லாரியின் சக்கரங்கள்தான் தெரிந்தன.

அன்று இரவு பேஸ்மென்டுக்குப் போய், 1998-ல் கொண்டுவந்த பெட்டியை இழுத்து வெளியே போட்டேன். பிளாஸ்டிக் பெட்டி, நிறம் மங்கிவிட்டது. ஒட்டிய சீட்டில் 'ஐசி' என்பது இன்னும் வாசிக்க முடிகிறது. கிளம்புவதற்கு முதல்நாள் கைப்பிடி ஆட்டம் கண்டிருக்கிறது என்று அப்பா அதை லாக்வயரால் கட்டிக்கொடுத்தார். விமானத்தில் போல்ட்டுகள் அதிர்வில் கழன்றுவிடாமல் கட்டும் மெல்லிய எஃகுக் கம்பி. ஹேங்கரில் வெட்டிப்போடும் துண்டுகளை அந்த நாளில் சேர்த்துவைத்திருந்தார். குக்கர் பிடி, குடைக்கம்பி, அக்காவின் ஜியாமெட்ரி பாக்ஸ் எல்லாவற்றிலும் அது இருந்தது. விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு இழை, ஒரே சீராக, ஒரு சுற்றுகூடத் தளராமல் முறுக்கியிருக்கிறது. கடைசியில் மிஞ்சிய கூரான நுனியை உள்பக்கமாக மடித்துவிட்டிருக்கிறார், தூக்குகிறவன் கையைக் கிழிக்காமல் இருக்க.